அண்ணன் வீட்டு வெந்நீர்

மேல்தளத்துக் கீசரிலிருந்து இறங்கிய பைப் சமையலறைச் சன்னலின் மேல்விளிம்புவரை வந்து நின்றுவிட்டது. அதற்குக் கீழே உள்ள சுவர் தணிகாசலத்தினுடையது, மேலே உள்ளது அவருடைய அண்ணன் அருணகிரியினுடையது. அப்பா கட்டிய ஒரே வீடுதான். குன்னூர்ச் சரிவில் ஒரு தளத்தின் தலைமேல் இன்னொரு தளம். பாகம் பிரித்தபோது மேல்தளம் பெரியவருக்கு, கீழ்தளம் சின்னவருக்கு என்று ஆனது, அந்த வருஷமே நின்ற பேச்சு இன்றைக்கும் நின்றபடியே இருக்கிறது. பிளம்பர் பெனடிக்ட் ஏணியில் நின்றபடி கழுத்தைத் திருப்பி, "சார், இனி உங்க சுவருங்க. நீங்க சரின்னா தரை வரைக்கும் இறக்கிருவேன். இல்லைன்னா கீசரைக் கழட்டி வெச்சுட்டுப் போயிருவேன். பைப் இல்லாம அதுக்குக் கரண்டு குடுக்க மாட்டேன்" என்றான். "யோசிக்கணும்" என்றார் தணிகாசலம். "யோசிங்க, நான் மேல போயி வால்வை மாட்டிட்டு வந்துர்றேன்" என்று அவன் இறங்கிப் போனான். போகிற போக்கில் யாருக்கோ போன் போட்டு, இங்கே இழுத்துக்கொண்டிருக்கிறது, வரத் தாமதமாகும் என்று சலித்துக்கொண்டான். தணிகாசலம் பின்கட்டில் பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். இதற்காகவே லீவு போட்டிருந்தார். அரசுப் பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருப்பவர், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது அவருக்கு உத்தியோகம் மட்டுமல்ல, உடம்போடு ஒட்டிய குணம்.

ஏன் இப்போது? இதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. மேலே கீசர் வைத்து வருடக்கணக்காகிறது. வால்வு சொட்டுவதும் புதிதல்ல. அண்ணி அதன் கீழே ஒரு வாளியை வைத்து, நிறைந்ததும் எடுத்துப்போய் ரோஜாத் தொட்டிக்கு ஊற்றுவார், அந்த வாளி தரையில் இழுபடும் சத்தம் இங்கே கூரையில் கேட்கும், இத்தனை நாள் வாளி போதுமாக இருந்ததே, இன்றைக்கு மட்டும் என்ன வந்துவிட்டது? பெனடிக்ட் காலையில் ஒரு பாடம் எடுத்தான். உள்ளே தண்ணீர் சூடேறினால் அழுத்தம் ஏறுமாம், மிஞ்சினால் அந்த வால்வு தானாகத் திறந்து கொதிநீரைக் கக்குமாம், கக்குவதை ஒரு பைப் பிடித்து ஆள் நடமாடாத திறந்த வெளியில் விட வேண்டுமாம். சரி, விடட்டும். முன்பக்கம் விட்டால் ரோடு. ஒரு பக்கம் அடுத்த வீட்டுக்காரன் ஒட்டிக் கட்டியிருக்கிறான், மறுபக்கம் மண்சரிவுக்குக் கட்டிய கல்சுவர். மிச்சம் இருப்பது பின்பக்கம், அதாவது தணிகாசலத்தின் பக்கம். எவ்வளவு அழகாக வந்து பொருந்துகிறது பாருங்கள். இன்றைக்கு ஒரு விரல் தடிமன் பைப். நாளைக்கு அந்தப் பைப் இறங்குகிற இடம் அவர்களுடைய இடம், அதைச் சுத்தம் பண்ண வர வழி வேண்டும், வழிக்குப் படி வேண்டும். டிப்போவில் ஒரு கண்டக்டர் சொல்லியிருக்கிறான், அவன் மச்சான் வீட்டில் பக்கத்து வீட்டு மழைத்தண்ணீரை விழ விட்டுவிட்டு, பிற்பாடு ஓர் அடி நகர்த்தச் சொன்னதற்குக் கோர்ட்டுக்கு இழுத்துவிட்டார்களாம். கேட்டபோது எல்லாரும் சிரித்தார்கள். தணிகாசலம் மட்டும் சிரிக்கவில்லை, மனதில் போட்டு வைத்துக்கொண்டார். அப்புறம் முந்தாநாள் வந்த அந்த இரண்டு பேர். வீட்டெதிரே ரோட்டில் நின்று போனில் படம் எடுத்தார்களே, கேட்டதற்கு மலையை எடுக்கிறோம் என்றார்களே, மலையைப் படமெடுக்கிறவன் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டா நிற்பான்? பின்னால் மலை தெரிய தங்களையே எடுத்திருப்பார்கள் என்று வாசுகி சொன்னாள். அவருடைய மனைவி வாசுகிக்கு உலகத்தில் எல்லாரும் நல்லவர்கள். அண்ணன் மேல்தளத்தை விற்கப் பார்க்கிறார், வாங்குகிறவன் வீட்டைச் சுற்றிப் பார்த்து கீசருக்குப் பைப் இல்லையே என்று சொல்லியிருப்பான், அதனால்தான் இந்த அவசரம். விற்றுவிட்டால் தலைக்கு மேலே யாரோ நடப்பார்கள். அண்ணன் நடக்கும் நடை தெரிந்த நடை, இடது காலை ஊன்றிப் போடுவார், பேசாவிட்டாலும் அந்தச் சத்தம் பழகிவிட்டது. யாரோ ஒருவன் நடந்தால் தூக்கம் வருமா? 

மேலே பால்கனியில் அண்ணன் வந்து நிற்பது நிழலில் தெரிந்தது. தணிகாசலம் நிமிரவில்லை. இந்த வீட்டில் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ள ஒரு முறை உண்டு. நடுவில் மூன்றாம் ஆள் ஒருவரை நிறுத்தி, அவரிடம் சொல்வதுபோல் ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும். கேபிள்காரன், தபால்காரர், சந்தா கேட்டு வந்த கோயில் ஆட்கள் என்று பலரும் அந்த இடத்தில் நின்றிருக்கிறார்கள். இன்றைக்குப் பெனடிக்ட் மாட்டிக்கொண்டான்.

"பெனடிக்ட்டு, அவருகிட்ட சொல்லு, சுவத்துல பைப்பைப் பிடிக்க ரெண்டு கிளாம்ப்புதான் வரும். பூச்சு உதிர்ந்தா நானே பூசித் தர்றேன்" என்றது மேலிருந்து குரல்.

"சார், அண்ணன் சொல்றாரு…" என்று பால்கனியிலிருந்து தலையை நீட்டினான் பெனடிக்ட்.

"காது கேக்குதுப்பா. பூச்சுக்கு யாரு அழுதா. எனக்கு ஒரு கண்டிஷன் இருக்குதுன்னு சொல்லு" என்றார் தணிகாசலம். இதை அவர் விடியற்காலையிலேயே யோசித்து வைத்திருந்தார், சொல்லும்போது தன் சாமர்த்தியத்தை நினைத்து அவருக்கே ஒரு சின்னத் திருப்தி வந்தது. "பைப்பு என் பக்கம் முடியற எடத்துல ஒரு டேப்பு வைக்கணும். திருகி அடைச்சுப் பூட்டு போடற மாதிரி டேப்பு. சாவி எங்கிட்ட இருக்கும். தண்ணி விடணும்னா எங்கிட்ட கேட்டு விடட்டும்."

பெனடிக்ட் கையை ஆட்டி மறுத்தான். "சார், அது கேட்டுட்டு வர்ற தண்ணி இல்லீங்க. முனைய அடைச்சீங்கன்னா வால்வு இருந்தும் இல்லாத கணக்கு. மேல டேங்கு வெடிச்சுப் போகும். நான் அப்படிச் செஞ்சு குடுத்துட்டு வீட்ல போயி தூங்க முடியாது" என்றான். மேலே அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் தணிகாசலத்துக்குப் பிடிக்கவில்லை, கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அண்ணனுடைய மௌனம் எப்போதுமே அப்படித்தான், அதில்தான் சூழ்ச்சி இருக்கும். பாகம் பிரித்த அன்றும் அப்படித்தான் இருந்தார். பெரியவருக்கு முதல் உரிமை என்று எல்லாரும் சொல்ல, அண்ணன் மட்டும், "அவன் எடுத்துக்கட்டும், மிச்சத்தை நான் எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுச் சன்னல் வழியாகப் பின்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். தணிகாசலத்துக்கு அப்போதே மூக்கு வியர்த்தது. யாராவது நல்லதைத் தம்பிக்கு விட்டுக்கொடுப்பார்களா? பின்கட்டை ஏன் பார்க்கிறார்? கீழ்தளத்தில் கண் வைத்திருக்கிறார், தாராளமாக இருப்பதுபோல் நடித்தால் தம்பி கூச்சப்பட்டு மேல்தளத்தைக் கேட்பான் என்று கணக்குப் போடுகிறார், என்னிடமேவா? சட்டென்று, "எனக்குக் கீழ்தளம்" என்றார் தணிகாசலம். வாசுகி அவர் முழங்கையை லேசாகத் தொட்டாள், அவர் கையை விலக்கிக்கொண்டார். முதல் மழைக்காலத்திலேயே தெரிந்துபோனது. கீழே வெயில் எட்டிப் பார்ப்பதில்லை, சரிவின் ஈரமெல்லாம் சுவர் வழியே உள்ளே வருகிறது, பீரோவில் வைத்த பட்டுப்புடவை பூஞ்சை பூக்கிறது, மத்தியானத்திலும் லைட் போட வேண்டும். மேலே அண்ணன் வீட்டில் கண்ணாடிச் சன்னல் வழியே வெயில் கட்டில்வரை வருமாம். அன்றிலிருந்து தணிகாசலத்துக்கு ஒரே எண்ணம்தான், அண்ணன் ஏமாற்றிவிட்டார். எப்படி ஏமாற்றினார் என்று யாராவது கேட்டால் சொல்வது கொஞ்சம் கஷ்டம், முதலில் எடுத்துக்கொள்ளச் சொல்லி ஏமாற்றினார் என்றுதான் சொல்ல முடியும், அதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அவருக்குத் தெரியும். தான் இப்படித்தான் யோசிப்பேன் என்று தெரிந்து வைத்துக்கொண்டுதானே அண்ணன் பின்கட்டைப் பார்த்து நின்றிருக்க வேண்டும்? இல்லை, சும்மா பார்த்தாரா? அப்பா செத்துப் பதினாறு முடிந்த கையோடு பேச உட்கார்ந்த நாள் அது, அப்பாவின் வேட்டி அங்கே கொடியில் காய்ந்துகொண்டிருந்தது, அதைப் பார்த்தாரோ என்னவோ. இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் தணிகாசலத்தின் யோசனை முள்ளில் துணி மாட்டியதுபோல் இழுபட்டு நின்றுவிடும், அவரும் மெதுவாக எடுத்துவிட்டு வேறு பக்கம் போய்விடுவார். இப்போதும் போனார். பைப்புக்கு வந்தார். வெள்ளைப் பைப் இல்லை, வெந்நீருக்கான மஞ்சள் நிறப் பைப், எங்கும் மேலே ஏறாமல் சீராக இறங்கி வந்திருந்தது. வேலை சுத்தம்தான். சுத்தமான வேலைக்குப் பின்னால் என்ன இருக்கிறதோ.

"டேப்பெல்லாம் வேண்டாங்க" என்றாள் வாசுகி.

எப்போது வந்து பின்வாசலில் நின்றாள் என்று தெரியவில்லை. கையில் பெனடிக்ட்டுக்கு டீ, அதுவும் விருந்தாளிக்கு எடுக்கிற கண்ணாடி டம்ளரில். தணிகாசலம் டம்ளரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "உனக்கென்ன தெரியும்?" என்றார்.

"திறந்துச்சுன்னா கையளவு தண்ணி இல்லைங்க, சீறிக்கிட்டு வரும். விலகறதுக்குக்கூட நேரம் இருக்காது. அதைப் போயி அடைச்சு வைப்பாங்களா? போடச் சொல்லுங்க, மேல இருக்கற அக்கா பாவம்" என்று சொல்லிவிட்டு, டம்ளரை ஏணிப்படியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். பேசும்போது அவரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள்.

சீறிக்கிட்டு வரும். இது எப்படித் தெரியும் இவளுக்கு? பெனடிக்ட் கக்கும் என்று சொன்னான், சீறும் என்று சொல்லவில்லை, விலக நேரம் இருக்காது என்று நிச்சயமாகச் சொல்லவில்லை. யாரோ சொல்லி மனப்பாடம் செய்த பேச்சா, இல்லை பார்த்தே சொல்கிறாளா? பார்ப்பதென்றால் மேலே போக வேண்டும். மேலே போவதில்லை என்பது இந்த வீட்டின் சட்டம், அண்ணியோடு கொடிக்கயிற்றின் அருகே நின்று பேசலாம், கிண்ணத்தில் வரும் குழம்பை வாங்கிக்கொள்ளலாம், படியேறக் கூடாது. அவர் வாயைத் திறந்து அப்படிச் சொன்னதில்லை, ஆனால் முகத்தில் காட்டியிருக்கிறார், வாசுகிக்கு அது போதும். போதும் என்றுதான் நினைத்திருந்தார். இப்போது ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. சோப்பு. கொஞ்ச நாளாகவே சாயங்காலம் வீடு திரும்பினால் அவளிடம் சந்தன சோப்பு வாசம் வருகிறது, குளியலறையில் போய்ப் பார்த்தால் அதே பச்சை சோப்புதான் தேய்ந்து கிடக்கிறது. அவர் கேட்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமென்றால் கேட்கக் கூடாது, ஆள் நிம்மதியாக உட்காரும்வரை விட வேண்டும், இது பேருந்தில் கற்றது. அப்புறம் தண்ணீர் காய வைக்கிற ராடு, அதன் ஒயர் சுற்றியது சுற்றியபடி ஆணியிலேயே தொங்குகிறது, அவர் சுற்றினால் வலமாகச் சுற்றுவார், பல நாளாக அது வலமாகவே இருக்கிறது, அவர் குளித்த பிறகு யாரும் தொடவில்லை என்று அர்த்தம். இந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரிலா குளிக்கிறாள்? அப்புறம் ஸ்வெட்டர். குன்னூரில் ஸ்வெட்டர் அதிசயமில்லை, ஆனால் பாத்திரம் கழுவும்போதுகூட இடது கையை மட்டும் மடித்துவிடுவதில்லை, மணிக்கட்டில் எப்போதும் ஈரம். அந்தக் கையில் என்ன மறைக்கிறாள்? வளையலா? வளையலைக் கழற்றி விற்றுவிட்டாளா, அண்ணனிடம் கொடுத்திருக்கிறாளா, மேல்தளம் விற்பனையில் இவளுக்கும் ஒரு பங்கு பேசியிருக்கிறார்களா? எங்காவது கையெழுத்துப் போட்டுவிட்டாளா? சேச்சே என்று ஒரு குரல் உள்ளே சொன்னது. அந்தக் குரலுக்கு வயது அதிகம், பலம் குறைவு. தன்னைச் சுற்றி எல்லாரும் சேர்ந்து ஏதோ ஒன்றை மறைக்கிறார்கள், அண்ணன், அண்ணி, வாசுகி, இதோ இந்த பெனடிக்ட்கூட, அது மட்டும் நிச்சயம். எல்லாருக்கும் தெரிந்த ஒன்று தனக்கு மட்டும் தெரியாமல் இந்த வீட்டுக்குள் நடமாடுகிறது. அந்த நினைப்பில் கோபம்தான் வர வேண்டும், வந்தது பயம். காது சூடானது. தணிகாசலம் எழுந்தார், நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது, அதை நிமிர்த்தாமல் உள்ளே போனார்.

வாசுகி தொட்டியடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வலது கை மட்டும் வேலை செய்தது, இடது கை பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது, ஸ்வெட்டர் முனை நனைந்து கறுத்திருந்தது.

"கைய மடிச்சு விடு" என்றார்.

"எதுக்கு?"

"நனையுது."

"நனைஞ்சா காஞ்சிட்டுப் போகுது."

"வாசுகி."

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். கையைப் புடவையில் துடைத்தாள். பிறகு, இனி இழுத்துப் பிரயோசனமில்லை என்பதுபோல், தானே ஸ்வெட்டரை மெதுவாகச் சுருட்டி மேலே ஏற்றினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் உரிந்து இளஞ்சிவப்பாகக் கிடந்தது, ஓரங்களில் காய்ந்து கறுத்துக்கொண்டு வந்தது, மேலே ஏதோ களிம்பு பளபளத்தது. ஒரு வாரத்துப் புண் என்று பார்த்தாலே தெரிந்தது. ஒரு வாரம். ஒரு வாரமாக இந்தக் கைதான் அவருக்குச் சோறு போட்டிருக்கிறது.

"மேல குளிச்சிட்டு இருந்தேன். வால்வு திறந்துக்கிச்சு" என்றாள்.

"மேலயா?"

"ஆமா. தோள்பட்டை இறுகிப்போனதிலிருந்து அங்கதான் குளிக்கறேன். ராடு போட்ட வாளியத் தூக்கி ஊத்த முடியல. உங்ககிட்ட கீசர் ஒண்ணு வெக்கலாமான்னு கேட்டேன்ல, அதுக்கப்புறம்தான்." குரலில் குற்றச்சாட்டு இல்லை, நடந்ததைச் சொன்னாள். "நீங்க டூட்டிக்குப் போனதும் போயிட்டு வந்துருவேன். அக்காதான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க, இப்ப அடுப்புல தண்ணி காய வெச்சு ஊத்தி விடறதும் அவங்கதான். மாமா அன்னிக்கே கீசரை நிறுத்திட்டாரு. பைப் போடாம யாரும் அதுல குளிக்கக் கூடாதுன்னுட்டாரு. நீங்க ஒத்துக்க மாட்டீங்கன்னு தெரியும், இருந்தாலும் கேட்டுப் பாக்கறேன்னாரு."

கீசர் கேட்டது நினைவு வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டாள். அவர் தட்டிலிருந்து நிமிர்ந்து, இதை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டார். யாருமில்லை என்றாள். யாருமில்லாமல் திடீரென்று கீசர் எங்கிருந்து முளைக்கும் என்று அவர் விடாமல் கேட்க, அவள் ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். தோள் வலிக்கிறது என்று அன்று சொன்னாளா? சொல்லியிருக்கலாம். சொன்ன மாதிரிதான் இருக்கிறது. அண்ணி வீட்டு கீசரைப் பார்த்து வந்த ஆசை என்பதைக் கண்டுபிடித்துவிட்ட பெருமிதத்தில் அது காதில் விழவில்லை. விலக நேரம் இல்லாமல் அந்தக் குளியலறையில் இவள் நின்ற நிமிஷத்தை நினைக்கப் பார்த்தார், முடியவில்லை, நினைப்பு மறுபடி மறுபடி படிக்கட்டுக்கே போனது. அவர் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்து, மாற்றுப் புடவையைச் சுருட்டி மறைத்துக்கொண்டு, கொஞ்சம் வெந்நீருக்காகத் திருடியைப்போல் படியேறுகிற வாசுகி.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "சொல்லியிருந்தா, யாரு உன்னை மேல போகச் சொன்னான்னுதான் மொதல்ல கேட்டிருப்பீங்க. புண்ணு எரியறப்ப அதுக்கெல்லாம் பதில் சொல்லத் தெம்பில்லைங்க."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் அந்தக் கேள்வி வேறெங்கும் இல்லை, அவர் நாக்கிலேயே இருந்தது, ஸ்வெட்டர் சுருண்டு ஏறிய நொடியிலிருந்து அங்கேதான் இருந்தது, இத்தனை சிவப்பைப் பார்த்த பிறகும் முதலில் எழுந்து வந்தது அதுதான். அதை அவர் விழுங்கினார், கசப்பு மருந்துபோல் இறங்கியது. வெளியே பெனடிக்ட், "சார், என்ன சொல்றீங்க? ஏணிய எடுத்துரட்டுமா?" என்று குரல் கொடுத்தான்.

தணிகாசலம் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இறக்குப்பா" என்றார். குரல் சரியாக வரவில்லை என்று தோன்றியதால் இன்னொரு முறை சொன்னார். "தரை வரைக்கும் இறக்கு. டேப்பு கீப்பு ஒண்ணும் வேண்டாம்."

மேலே பால்கனியில் இடது காலை ஊன்றி நடந்த நடை ஒன்று உள்ளே போனது. டிரில் சுவரில் பாய்ந்தது. சன்னல் ஓரத்திலிருந்து சுண்ணாம்புப் பொடி உதிர, வாசுகி அவசரமாக ஒரு தட்டை எடுத்து மாவுப் பாத்திரத்தை மூடினாள், மூடும்போது கை எதிலோ உரசியிருக்க வேண்டும், உதட்டைக் கடித்துக்கொண்டாள். தணிகாசலம் பார்த்துக்கொண்டே நின்றார். கேட்க வேண்டியதை இப்போதாவது கேட்டுவிட வேண்டும், வேறு எதுவும் சேர்க்காமல், முன்னும் பின்னும் எதுவும் இல்லாமல் அதை மட்டும் கேட்க வேண்டும் என்று நினைத்தார். டிரில் சத்தம் நிற்கும்வரை காத்திருந்தார். நின்றதும் கேட்டார்.

"வலிக்குதா?"

தட்டின் மேல் இருந்த அவள் கை அப்படியே நின்றது. திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். கண், வாய், நெற்றிச் சுருக்கம் என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்தாள். கோபமாக அல்ல, தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே கேட்டாள்.

"எதுக்குக் கேக்கறீங்க?"